சக்கரத்துக்கும் காருக்கும் நடுவில்

"நீங்களே சொல்லுங்க மாமா" என்று மாப்பிள்ளை பூபேஷ் கேட்டுவிட்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். தெய்வசிகாமணி என்னத்தைச் சொல்வார்? காரைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஏறும்போது தலையைக் குனிய வேண்டும், இறங்கும்போது கதவை ஓங்கிச் சாத்தக் கூடாது, அவ்வளவுதான். கார் சாமான் கடைக்காரர் அன்வர் கண்ணாடி மேஜைமேல் அலுமினிய வட்டங்களைப் பரப்பி வைத்திருந்தார், தடியாக ஒன்று, நடுத்தரமாக ஒன்று, மெல்லிசாக ஊத்தப்ப மொத்தத்துக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் நடுவில் பெரிய ஓட்டை, சுற்றிலும் சின்ன ஓட்டைகள். ஸ்பேசராம். சக்கரத்தைக் கழட்டி, இந்த வட்டத்தை இடையில் வைத்து, மறுபடி சக்கரத்தை மாட்டினால் அது அந்த அளவுக்கு வெளியே தள்ளி நிற்குமாம். "இப்ப உள்ளுக்குள்ள ஒடுங்கிக் கெடக்குதுங்க மாமா. பெரிய ஆளு சின்னப் பையன் செருப்பைப் போட்டுட்டு நிக்கிற மாதிரி" என்று வரும் வழியெல்லாம் பூபேஷ் சொல்லிக்கொண்டு வந்தார். தெய்வசிகாமணி ஆமாங்க, ஆமாங்க என்று கேட்டுக்கொண்டு வந்தார். மூன்று வருஷமாக அந்தக் காரைப் பார்க்கிறார், கல்யாணத்துக்கு அவரே வாங்கிக் கொடுத்த கார், சக்கரம் உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது, உருளுகிறது, அதற்குமேல் அதனிடம் ஒரு மனுஷன் என்ன எதிர்பார்ப்பான்? ஆனால் கேள்வி கேட்டாகிவிட்டது. நாளைக்குக் கட்டுச்சோறு, இவர் ஒரு நாள் முன்னாலேயே மகள் வீட்டுக்கு வந்துவிட்டார். குன்னூரிலிருந்து அவர் மனைவி சரோஜினி சொந்தக்காரர்களோடு வேனில் புளிச்சோறும் தக்காளிச்சோறும் கட்டிக்கொண்டு கோயமுத்தூருக்கு வருவாள், மாப்பிள்ளை வீட்டில் விருந்து நடக்கும், ஏழாம் மாசத்தில் இருக்கும் மகள் தாரணியைப் பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போவார்கள். வேன் வேண்டாம், குலுங்கும், நம்ம கார்லயே நான் கூட்டிட்டு வந்துடறேன் என்று பூபேஷ் சொல்லியிருந்தார். நம்ம கார் என்பது இந்தக் கார். இதே சக்கரங்கள். மேட்டுப்பாளையம் தாண்டினால் மலை, கொண்டை ஊசி வளைவு, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை. வேண்டாம் மாப்பிள்ளை, கம்பெனிக்காரன் வைத்த இடத்திலேயே சக்கரம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்ல வாய் வரை வந்தது. வாய் வரைதான் வரும், எப்போதும். "உங்க இஷ்டம்ங்க மாப்பிள்ளை" என்றார். "இல்லீங்க மாமா, நீங்க சொல்றதுதான்" என்றார் பூபேஷ், சிரிக்காமல். இதென்னடா வம்பு. பெரியவர் கூட வந்திருக்கிறார் என்று மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்கிறார், அதற்குப் போய் வேண்டாம் என்றா சொல்வது, அதுவும் பெண்ணைக் கொடுத்தவன்? இருப்பதிலேயே மெல்லிசானதை, பத்து மில்லிமீட்டர் என்று எழுதியிருந்ததைத் தொட்டார். குறைவாகத் தள்ளினால் ஆபத்தும் குறைவுதானே, அது அவர் யோசனை. "இதுங்க" என்றார். பூபேஷ் முகத்தில் ஒரு சுணக்கம் வந்து போனது, தடியானதன்மேல்தான் அவருக்கு ஆசை போலிருக்கிறது. இருந்தாலும் "மாமா பத்து மில்லின்னு சொல்லிட்டாங்க பாய், அதையே போட்டுடுங்க" என்று அன்வரிடம் சொல்லிவிட்டார்.

அன்வர் ஜாக்கியை உருட்டிவந்து காரின் பின்பக்கத்தைத் தூக்கினார். துப்பாக்கி மாதிரி ஒன்றை நட்டின்மேல் வைத்து அழுத்தினார், டர்ர்ரென்று ஒரு சத்தம், நட்டு கையோடு வந்துவிட்டது. இவ்வளவுதானா? தெய்வசிகாமணி உட்கார்ந்திருந்த நாற்காலியின் நுனிக்கு வந்தார். காரும் சக்கரமும் பிறவியிலேயே ஒட்டிப் பிறந்தவை என்று இத்தனை நாள் நினைத்திருந்தார், நினைத்திருந்தார் என்றுகூடச் சொல்ல முடியாது, அந்தப் பக்கமே யோசனை போனதில்லை. சக்கரம் போன இடத்தில் துருவேறிய ஒரு தட்டும் அதிலிருந்து சுண்டுவிரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டிருந்த நாலு போல்ட்டும்தான் இருந்தன. வேட்டி அவிழ்ந்த மனிதரைப் பார்த்துவிட்டதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்த நாலு சுண்டுவிரலை நம்பித்தான் தாரணி ஸ்கேன் எடுக்கப் போனாள், மருதமலைக்குப் போனாள், தீபாவளிக்கு மலையேறி வந்துவிட்டுத் திரும்பவும் இறங்கினாள். தெரியாமல் இருந்தவரை நன்றாகத்தான் இருந்தது. பர்லியாற்றை நினைக்கக் கூடாது என்று நினைத்தார், நினைக்கக் கூடாது என்று நினைத்ததுமே அது எதிரில் வந்து நின்றுகொண்டது. தேயிலை ஃபேக்டரியில் எழுத்தர் வேலைக்குச் சேர்ந்த புதிது. மலைப்பாதையில் பாதி வழியில், பர்லியாற்றில் டீ குடிக்க பஸ்ஸை நிறுத்தியிருந்தார்கள். மேலேயிருந்து ஒரு ஜீப் இறங்கி வந்தது, ஜீப்புக்கு முன்னால் ஒரு சக்கரம் தனியாக உருண்டு வந்தது. பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். வண்டியை முந்திக்கொண்டு அதன் சக்கரமே ஓடுவதை யார் பார்த்திருக்கிறார்கள், சிரிக்காமல் என்ன செய்வார்கள்? பழக்கடைக்காரன் கைதட்டினான். இவரும் சிரித்தார், பல் தெரிய நன்றாகவே சிரித்தார். ஜீப் ஓட்டியவனுக்கு விஷயம் இன்னும் எட்டியிருக்கவில்லை, எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் அவனும் இவர்களைப் பார்த்துச் சிரித்தான். அப்புறம்தான் ஜீப் ஒரு பக்கமாகச் சரிந்தது. பின்சீட்டில் இருந்த பெண் தலை நிறைய கனகாம்பரம் வைத்திருந்தாள். அதற்குப் பிறகு நடந்ததை அவர் யாருக்கும் சொன்னதில்லை, சரோஜினிக்குக்கூட. எதற்கு இப்போது அந்தக் கனகாம்பரம்? நாளைக்கு தாரணிக்கும் தலை நிறையப் பூ வைப்பார்கள், கை நிறைய வளையல் போடுவார்கள். அவர் எதிர்ச்சாரியில் இருந்த பேக்கரியின் பெயர்ப் பலகையை எழுத்துக்கூட்டி வாசித்தார். வாசித்து முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வாசித்தார்.

மூன்று சக்கரத்துக்கு வட்டம் வைத்து முறுக்கியாகிவிட்டது, அப்போதுதான் அன்வர் அதைச் சொன்னார். இவரிடம் சொல்லவில்லை, பூபேஷிடம், நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டே, மழை வரும்போல இருக்கிறது என்பதைப் போலச் சொன்னார். "மரை கொஞ்சம் கம்மியாத்தான் புடிக்குதுங்க சார். தடிசா இருந்தா அதுலயே தனி போல்ட் வெச்சு வரும், அதை வண்டியோட முறுக்கிட்டு அதுமேல சக்கரத்தை முறுக்குவோம், கிண்ணுன்னு நிக்கும். இது சும்மா நடுவுல சொருகறதுதானே, பழைய போல்ட்லதான் புடிக்கணும், அதுல பத்து மில்லியை இதுவே தின்னுருது. நீட்டமான போல்ட் போட்டாச் சரியாப் போயிரும், இப்ப கையில ஸ்டாக் இல்ல, வர ரெண்டு மூணு நாளாகும். அதுவரைக்கும் ஸ்பீடு வேண்டாம். கொஞ்ச தூரம் ஓட்டிட்டு ஒருக்கா டைட் வெச்சுக்குங்க." பூபேஷ் ம்ம் என்றார். என்ன ம்ம்? தெய்வசிகாமணி நாற்காலி நுனியில் இன்னும் நுனிக்கு வந்தார். மெல்லிசு பத்திரம், தடிசு ஆபத்து என்றல்லவா அவர் நினைத்தார்? பயந்து பயந்து பார்த்து எடுத்தவர் பயத்தையே எடுத்துக் கொடுத்திருக்கிறாரா? தடிசை எடுத்திருந்தால் கிண்ணென்று நின்றிருக்குமாம். இல்லை, தடிசை விற்பதற்காக அன்வர் அப்படிச் சொல்கிறாரோ? விற்பதாக இருந்தால் முதலிலேயே சொல்லியிருப்பாரே, ஏன் அப்போது சும்மா இருந்தார்? சும்மா இருந்தது இவருக்காகத்தான், மாமனார் வாயால் ஒரு அளவு வந்துவிட்டது, அதற்குமேல் கடைக்காரன் பேசினால் மாமனாருக்கு மரியாதை இல்லை. ஆக எல்லோரும் மரியாதையாக இருந்திருக்கிறார்கள். மரை. அது எவ்வளவு பிடித்தால் போதும்? தண்ணீர் பாட்டில் மூடியை ஒரு சுற்றுச் சுற்றிப் பையில் வைத்தால் பையெல்லாம் ஈரம், இரண்டு சுற்றுச் சுற்றினால் பரவாயில்லை, அது தண்ணீர், இது தாரணி. கம்மியாகத்தான் பிடிக்குது என்றால் பிடிக்கத்தானே செய்கிறது? பிடிக்கத்தான் செய்கிறது, ஆனால் கம்மியாக. கம்மியாக, ஆனால் பிடிக்கிறது. அவர் மனசு செக்குமாடு மாதிரி அதையே சுற்றிச் சுற்றி வந்தது. இப்போது எழுந்து போய், மாப்பிள்ளை, தடிசையே போட்டுடலாம் என்று சொல்லலாம், பூபேஷ் சந்தோஷமாகத்தான் போடுவார். ஆனால் தடிசு போட்டால் சக்கரம் இன்னும் வெளியே தள்ளும், அது வேறு எங்கே கொண்டுபோய் விடுமோ, அதில் என்ன குறை இருக்கிறது என்று அதை மாட்டிய பிறகு அன்வர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னால்? அவருக்குத் தடிசும் வேண்டாம், மெல்லிசும் வேண்டாம். அவருக்கு வேண்டியதை மேஜைமேல் யாரும் வைக்கவில்லை.

எழுந்துதான் போனார். காருக்குப் பக்கத்தில் போய் நின்றார், பூபேஷ் திரும்பிப் பார்த்து "என்னங்க மாமா?" என்றார். "வெயில் தாங்கலீங்களே" என்றார் தெய்வசிகாமணி. "ஆமாங்க மாமா, ஃபேன் பக்கம் உக்காருங்க" என்றார் பூபேஷ். திரும்பி வந்து ஃபேன் பக்கம் உட்கார்ந்தார். தூ, இதுவும் ஒரு வாயா? சாப்பிடுவதற்கும் ஆமாங்க சொல்வதற்கும் மட்டும் திறக்கிற வாய். ஃபேக்டரியில் மேனேஜர் கேட்டால் ஆமாங்க, பங்காளி கேட்டால் அதுக்கென்னங்க, பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டால் உங்க வீட்டு வழக்கம் எப்படியோ அப்படியே. அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தொடக் கூடாது, அது புண். தொட்டுவிட்டார். தாரணி அப்போது பிசியோதெரபி படித்துவிட்டு இதே ஊரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கவாதம் வந்து படுத்தவர்களை எழுப்பி நடக்க வைக்கிற வேலை. ஒருதடவை அவளைப் பார்க்கப் போனபோது, மலை மாதிரி ஒரு ஆளைத் தோளில் தாங்கிக்கொண்டு, "காலை நீங்கதான் எடுத்து வைக்கோணும், நான் வைக்க முடியாது" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். அந்த ஆள் அழுதுகொண்டே காலை எடுத்து வைத்தார். வீட்டில் ஒரு நாளும் சத்தம் போட்டுப் பேசாத பெண், இவளுக்கு இந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று இவர் வராந்தாவிலேயே நின்றுவிட்டார். அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை பூபேஷ் வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். எல்லாம் பேசி முடிகிற நேரத்தில் பூபேஷ்தான் கேட்டார், அப்போது இன்னும் மாப்பிள்ளை ஆகாதவர், "கல்யாணத்துக்கப்புறம் வேலைக்குப் போறதைப் பத்தி நீங்க என்ன நெனைக்கறீங்க மாமா?" கூடம் முழுக்க இவரைப் பார்த்தது. தாரணியும் பார்த்தாள். மாப்பிள்ளை வீட்டில் இந்தக் கேள்வியை எதற்குக் கேட்பார்கள், பிடிக்காததால்தானே கேட்பார்கள்? பிடித்திருந்தால் கேட்கவே மாட்டார்களே. நல்ல இடம், கைநழுவிப் போய்விடக் கூடாது. "உங்க வீட்டு வழக்கம் எப்படியோ அப்படியே பண்ணிக்கலாங்க" என்று சொல்லிவிட்டார். பூபேஷின் அம்மா சரி என்று தலையாட்டினார், பேச்சு மண்டபத்துக்குப் போய்விட்டது. தாரணி காபித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கல்யாணத்துக்கு முந்தின மாசம் வேலையை விட்டாள், அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் உப்பில்லை என்று மட்டும் சொன்னாள். பெண்ணைக் கொடுத்தவன் கை எப்போதும் கீழேதான், என்ன செய்வது? இவர் என்ன செய்திருக்க முடியும்? இவரால் எதுவும் செய்திருக்க முடியாது, அந்த ஒரு நினைப்பை வைத்துக்கொண்டுதான் மூன்று வருஷமாகத் தூங்குகிறார்.

சட்டைப்பையில் போன் அடித்தது. தாரணி. அன்வர் நாலாவது சக்கரத்தைக் கழட்டிச் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தார். "எங்கப்பா இருக்கறீங்க, கிளம்பிட்டீங்களா?" என்றாள். "இல்ல கண்ணு, இன்னும் ஒரு சக்கரந்தான் பாக்கி" என்றார். போன் கட்டாகிவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார். "மாட்டறாங்களா?" என்றாள் தாரணி. "ஆமா கண்ணு. மாப்பிள்ளை எந்த அளவுன்னு கேட்டாரு, நானும் சின்னதாப் பார்த்து…" "அப்பா" என்றாள். "பத்து நாளா இதுதாம்ப்பா எங்க வீட்டுல பேச்சு. இப்ப வேண்டாங்க, கொழந்தை பொறக்கட்டும், அப்புறம் என்ன வேணாலும் மாட்டிக்குங்கன்னு சொல்லிப் பார்த்தேன், கேக்கல. கடைசில உங்கப்பா வேண்டாம்னு சொல்லட்டும், விட்டுடறேன்னாரு. அதுக்குத்தான் உங்களைக் கூடப் போகச் சொன்னேன்." "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே கண்ணு" என்றார். "சொல்லிக் குடுக்கக் கூடாதுன்னு சொல்லித்தாம்ப்பா கூட்டிட்டுப் போனாரு. எனக்கும் அது சரின்னுதான் பட்டுது. சொல்லிக் குடுக்கறதுக்கு என்ன இருக்குது இதுல? வேண்டாம்னுதான சொல்லுவீங்கன்னு இருந்துட்டேன்." அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "சரி, பார்த்து வாங்க. வெயில்ல நிக்காதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். வெயிலில் நிற்காதே என்று ஆளாளுக்கு இவருக்குத்தான் சொல்கிறார்கள், இவர் என்ன அப்பளமா?

எழுந்தது அவருக்கே தெரியவில்லை. காருக்கும் அன்வருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டிருந்தார், அன்வர் கையில் அந்தக் கடைசி வட்டம் இருந்தது. இந்த வயசில் இது என்ன கூத்து, பரீட்சைக்குப் போகிறவன் மாதிரி. சொன்னால் முகம் சுருங்கும், சுருங்கட்டும். நாளைக்கு விருந்தில் யார் முகத்திலும் விழிக்காமல் போகட்டும், தாரணியை இதைச் சொல்லியே குத்திக் காட்டட்டும், இல்லை, அவளைக் குத்தினால் இவர் எப்படித் தாங்குவார், திரும்பிப் போய் உட்கார்ந்துவிடலாமா, ஃபேன் அங்கேதான் சுற்றிக்கொண்டிருக்கிறது. "மாப்பிள்ளை, இது வேண்டாங்க" என்றார். குரல் கீச்சென்று வந்தது. "எல்லாத்தையும் கழட்டிடலாங்க. பழையபடியே இருக்கட்டும். எனக்குப் பயமா இருக்குதுங்க." பூபேஷ் அவரைப் பார்த்தார். ஒரு நிமிஷம்கூட இருக்காது, அரை நிமிஷம்கூட இருக்காது, இவருக்கு அதற்குள் கட்டுச்சோறு நின்றுபோய், சொந்தக்காரர்கள் வேனைத் திருப்பிக்கொண்டு போய், சரோஜினி தலையில் அடித்துக்கொண்டு அழுது எல்லாம் முடிந்துவிட்டது. "சரிங்க மாமா" என்றார் பூபேஷ். அன்வரிடம் திரும்பி, "பாய், எல்லாத்தையும் எடுத்துட்டுப் பழையபடி மாட்டிக் குடுத்துடுங்க. வேலைக்கு உண்டானதை வாங்கிக்குங்க" என்றார். அன்வர் சரிங்க என்று வட்டத்தைத் துணியில் துடைத்து மேஜைமேல் வைத்தார். அவ்வளவுதான். முகம் கொஞ்சம் வாடித்தான் இருந்தது, பொம்மையைத் திருப்பிக் கொடுத்த பிள்ளையின் வாட்டம், அதற்குமேல் ஒன்றும் இல்லை. "மொதல்லயே சொல்லியிருக்கலாமேங்க மாமா. நான் கேட்டனே" என்று மட்டும் சொன்னார், குறையாகக்கூட இல்லை.

டர்ர்ர் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. தாரணிக்கு ஒன்றும் ஆகாது, நாளைக்கு மெதுவாக மலையேறி வந்துவிடுவாள், இதற்கு மனசு நிறைந்துதானே போக வேண்டும்? நிறையவில்லை. சரிங்க மாமா. இவ்வளவு லேசா இது? ஒரு வார்த்தை சொன்னால் மூன்று சக்கரத்தைக் கழட்டுகிறார்கள், யாரும் சண்டைக்கு வரவில்லை. கேட்டனே என்கிறார். கேட்டார்தான். நிஜமாகவே கேட்டிருக்கிறார். அப்படியென்றால் என்று அவர் மனசு ஒரு இடத்துக்குப் போகப் பார்த்தது, அவர் அதை இழுத்துப் பிடித்தார், அது பிடியை உதறிக்கொண்டு போயே விட்டது. அந்தக் கூடம், அந்த ஞாயிற்றுக்கிழமை, இதே ஆள், இதே குரல். கேட்காமல் இருந்துவிடலாம். கேட்காவிட்டால் பழையபடி தூங்கலாம். "மாப்பிள்ளை" என்றார். பூபேஷ் போனில் எதையோ தள்ளிக்கொண்டே "சொல்லுங்க மாமா" என்றார். "பொண்ணு பார்க்க வந்தப்ப தாரணி வேலைக்குப் போறதைப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களே. அன்னிக்கு நான், போகட்டும்னு சொல்லியிருந்தா?" பூபேஷ் நிமிர்ந்து பார்த்தார், எதற்கு இதை இப்போது கேட்கிறார் என்று யோசித்த மாதிரி இருந்தது, பிறகு சாதாரணமாகச் சொன்னார். "தாரணி வேலைக்குப் போயிருக்குமுங்க மாமா. எங்கம்மா பக்கத்து வீட்டுலயெல்லாம் மருமக ஆஸ்பத்திரி வேலைக்குப் போறவள்னு பெருமையாச் சொல்லிக்கூட வெச்சிருந்தாங்க. நீங்க அப்படிச் சொன்னதும், உங்களுக்குத்தான் அதுல இஷ்டமில்லைன்னு நாங்க விட்டுட்டோம்." "அப்படிங்களா" என்றார் தெய்வசிகாமணி.